நாலு பேர் பாடினால் ஐந்தாவதாக ஒரு சத்தம்: பார்பர்ஷாப் கோரஸ் ஓர் அறிமுகம்

யூடியூபில் பார்பர்ஷாப் என்று தேடினால் இரண்டு விதமான வீடியோக்கள் வரும். ஒன்றில் கோடு போட்ட கோட்டும் வைக்கோல் தொப்பியும் அணிந்த நாலு தாத்தாக்கள் அசைந்து அசைந்து பாடுவார்கள். இன்னொன்றில் ஜீன்ஸும் டிஷர்ட்டுமாகக் கல்லூரி வயதுப் பையன்கள் ஏதோ ஒரு ஹோட்டல் வராந்தாவில் நெருக்கமாக வட்டம் கட்டி நின்று, ஒரே ஒரு வரியைப் பாடி, கடைசி ஸ்வரத்தை மூச்சு முட்டும்வரை பிடித்து நிறுத்திவிட்டு, "ஹோ" என்று கத்திக்கொண்டு ஒருவரை ஒருவர் கட்டிப்பிடிப்பார்கள். இரண்டும் ஒரே இசைதான். இரண்டாவது வீடியோவில் அந்தப் பையன்கள் ஏன் கத்தினார்கள் என்று புரிந்துவிட்டால் பார்பர்ஷாப் முக்கால்வாசி புரிந்த மாதிரி.

முதலில் அடிப்படை. பார்பர்ஷாப் என்பது வாத்தியமே இல்லாமல் நான்கு குரல்களாகப் பிரிந்து பாடும் ஓர் அமெரிக்கப் பாட்டு முறை. ஒரு குரலுக்கு ஒருவர் என்று நாலு பேர் மட்டும் பாடினால் குவார்ட்டெட். அதே நாலு குரல்களை ஒரு கூட்டமே பங்குபோட்டுக்கொண்டு, முன்னால் நிற்கும் இயக்குநரின் கையசைவைப் பார்த்துப் பாடினால் கோரஸ். பாட்டு தொடங்கும் முன் ஒருவர் பிட்ச் பைப் என்ற சின்ன வட்ட ஊதியில் ஒரு ஸ்வரம் ஊதுவார். வெளியிலிருந்து கிடைக்கும் உதவி அவ்வளவுதான். பாட்டு முடிகிறவரை சுருதிக்கு அவரவர் காதுதான் பொறுப்பு.

நாலு குரல்களுக்கும் பெயர் உண்டு: டெனர், லீட், பாரிடோன், பேஸ். தேவாலயப் பாடகர் குழுவைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இங்கே முதல் குழப்பம் வரும். அங்கே பாட்டின் மெட்டு பெரும்பாலும் உச்சிக் குரலில் இருக்கும். பார்பர்ஷாப்பில் மெட்டைப் பாடுவது மேலிருந்து இரண்டாவதாக உள்ள லீட். அவருக்கும் மேலே டெனர் மெல்லிசாக ஒட்டிக்கொண்டு போவார், ஆண்கள் குழுவில் பல சமயம் கள்ளக்குரலில். பேஸ் அடித்தளம், அவர் ஆடினால் எல்லோரும் ஆடிப்போவார்கள்.

மிச்சம் பாரிடோன். என்னைக் கேட்டால் இந்த இசையின் உண்மையான கதாநாயகன் இவர்தான். மற்ற மூவரும் எடுத்துக்கொண்டது போக மீதி இருக்கும் ஸ்வரம்தான் இவருக்கு. சில இடத்தில் லீடுக்குக் கீழே, சில இடத்தில் மேலே, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் விசித்திரமான தாவல். பாரிடோன் பகுதியை மட்டும் தனியாகப் பாடச் சொல்லிக் கேட்டால் இது என்ன பாட்டு என்று கண்டுபிடிக்கவே முடியாது. பாரிடோன்களைப் பற்றிக் கிண்டல் ஜோக்குகள் பார்பர்ஷாப் உலகில் ஏராளம். ஆனால் அவர் வாயை மூடினால் அந்த இசையின் நிறமே போய்விடும். பெண்கள் குழுக்களிலும் இதே நாலு பெயர்கள்தான். பெண்களில் தாழ்ந்த குரல் உள்ளவர் பேஸ் ஆகிவிடுவார்.

சரி, இப்போது அந்தக் கத்தலுக்கு வருவோம்.

ஒரே நேரத்தில் பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பதைக் கார்ட் என்கிறோம். பார்பர்ஷாப் பாடகர்கள் உயிரை விடும் கார்ட் ஒன்று உண்டு. நம் கணக்கில் சொன்னால் ச, க, ப, நி நாலும் ஒன்றாக. ஹரிகாம்போஜியில் வரும் அந்தர காந்தாரமும் கைசிகி நிஷாதமும்தான் இங்கே வரும் க, நி. மேற்கத்திய இசையில் இதற்கு டாமினன்ட் செவன்த் என்று பெயர். பார்பர்ஷாப்காரர்கள் உரிமையோடு பார்பர்ஷாப் செவன்த் என்பார்கள்.

இந்தக் கார்டைப் பியானோவிலும் வாசிக்கலாம். ஆனால் அதே சத்தம் வராது. காரணம் கொஞ்சம் கணக்கு, பயப்பட வேண்டாம். ச ஒரு வினாடிக்கு 200 முறை அதிர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய ஐந்து கட்டை. மற்ற மூன்றும் 250, 300, 350 என்று அமைந்தால் நாலும் 4:5:6:7 என்ற சுத்தமான விகிதத்தில் நிற்கும். எந்தக் குரலும் ஒரே ஒரு அதிர்வோடு ஒலிப்பதில்லை. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நாலு மடங்கு என்று மேலே மேலே துணை ஒலிகளும் கூடவே எழும். 200-இன் ஐந்து மடங்கு 1000. 250-இன் நாலு மடங்கும் 1000. 250-இன் ஆறு மடங்கு 1500. 300-இன் ஐந்து மடங்கும் 1500. 200-இன் ஏழு மடங்கு 1400. 350-இன் நாலு மடங்கும் 1400. இப்படி ஒருவர் குரலின் துணை ஒலி அடுத்தவர் குரலின் துணை ஒலிமேல் அச்சுப் பிசகாமல் விழும்போது அந்த இடம் தடித்து, தனியாகக் காதில் ஒலிக்கத் தொடங்குகிறது. நாலு பேர் பாட, அவர்களில் யாருமே பாடாத ஒரு ஸ்வரம் அவர்கள் தலைக்கு மேலே கேட்கிறது. தம்புராவை நன்றாகச் சேர்த்து மீட்டினால், யாரும் மீட்டாத காந்தாரம் தானாகக் கேட்குமே, அதே சங்கதிதான். அங்கே கம்பி செய்வதை இங்கே தொண்டைகள் செய்கின்றன. பார்பர்ஷாப்காரர்கள் இதை ரிங் என்கிறார்கள். ரிங் விழுந்தால் பாடுகிறவர்களுக்கு உடம்பிலேயே தெரியும். அந்தப் பையன்கள் கத்தியது இதற்குத்தான்.

பியானோவில் என்ன ஆகிறது? பன்னிரண்டு ஸ்வரங்களையும் சம இடைவெளியில் வைக்க வேண்டும் என்பதால், அதே ச 200 என்றால் க ஏறக்குறைய 252-இலும் நி 356-இலும் நிற்கும். காந்தாரத்தில் வித்தியாசம் சின்னது. நிஷாதத்தில் நன்றாகவே தெரியும். அரை ஸ்வரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. ஆகவே பியானோவோடு பயிற்சி செய்தே பழகிய ஒருவர் நி பாடினால் கார்ட் தப்பாக இருக்காது, ஆனால் ஒலிக்காது. அவர் அந்த நி-யைக் கொஞ்சம் தழைத்துப் பாட வேண்டும். எவ்வளவு தழைப்பது என்பதை எழுதிக் காட்ட முடியாது. மற்ற மூன்று குரல்களைக் கேட்டபடி மெல்ல இறக்கிக்கொண்டே வந்தால், ஓர் இடத்தில் உரசல் நின்று எல்லாம் ஒன்றாகிவிடும். அங்கே நிற்க வேண்டியதுதான்.

இதிலிருந்து ஒரு விஷயம் கிடைக்கிறது. பார்பர்ஷாப்புக்கு அபாரமான குரல் தேவையில்லை. பக்கத்தில் நிற்பவனைக் கேட்கத் தெரிந்த சாதாரணக் குரல் போதும். தனியாகப் பாடிக் கைதட்டு வாங்கும் ஆள் பல சமயம் கோரஸில் தொல்லையாகிவிடுவார். அவர் குரலின் அசைவும் அதிர்வும் மற்றவர்களோடு பூட்டிக்கொள்ள விடாது. கர்நாடக சங்கீதம் கற்றவர்கள் முயன்றால் அவர்களுக்கும் இதே சிக்கல்தான். கமகத்தை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு, அசைவில்லாத கார்வையாக நிற்க வேண்டும்.

இளைஞர்கள் பார்பர்ஷாப் பாடுவது ஏதோ புது அலை என்று பலர் நினைக்கிறார்கள். இது தொடங்கியதே பையன்களிடம்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கத் தென்மாநிலங்களின் கறுப்பினக் குடியிருப்புகளில் முடிதிருத்தும் கடை என்பது கூடிப் பேசும் இடம், கூடிப் பாடும் இடமும்கூட. தெருமுனையிலும் கடை வாசலிலும் நாலு பேர் சேர்ந்தால் ஒருவர் மெட்டைப் பிடிப்பார், மற்றவர்கள் தாளில் எதுவும் இல்லாமல் காதாலேயே ஒத்த ஸ்வரம் தேடுவார்கள். ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் சிறுவனாக இருந்தபோது நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் இப்படி ஒரு குவார்ட்டெட்டில் பாடிக் காசு சேர்த்தவர். எழுத்தாளர் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் தன் சொந்த ஊரான ஜாக்சன்வில்லில் முடிதிருத்தும் கடைக்குக் கடை குவார்ட்டெட் இருந்ததை 1925-லேயே எழுதிவைத்தார். ஆனாலும் கோட்டும் வைக்கோல் தொப்பியும் அணிந்த வெள்ளைக்காரர் படமே இந்த இசையின் முகமாகிப் போனது. ஆய்வாளர் லின் ஆபட் 1992-இல் ஆதாரங்களைத் திரட்டி ஒரு நீண்ட கட்டுரை எழுதிய பிறகுதான் கறுப்பின வேர் பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்டது.

அந்தப் படம் எப்படி வந்தது? 1938 ஏப்ரலில் ஓக்லஹோமா மாநிலம் டல்சா நகரில் ஓவன் கேஷ் என்ற வரி வழக்கறிஞரும் ரூப்பர்ட் ஹால் என்ற நிதித்துறைக்காரரும், வழக்கொழிந்து வரும் பழைய பாட்டு முறையைக் காப்பாற்ற வேண்டும் என்று பாதி வேடிக்கையாக ஓர் அழைப்பு அனுப்பினார்கள். முதல் கூட்டத்துக்கு ஒரு கிளப்பின் மொட்டை மாடியில் 26 பேர் வந்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று நாஷ்வில் நகரிலிருந்து இயங்கும் பார்பர்ஷாப் ஹார்மனி சொசைட்டி. பெண்கள் 1945-இல் அதே டல்சாவில் ஸ்வீட் அடலைன்ஸ் என்ற தனி அமைப்பைத் தொடங்கினார்கள்.

இதில் மறைக்கக் கூடாத ஒரு பக்கம் உண்டு. கறுப்பினத்தவரிடமிருந்து வந்த இசையைக் காப்பதாகச் சொன்ன அமைப்பு கறுப்பினத்தவரையே உள்ளே விடவில்லை. 1941-இல் நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் சுமைதூக்கும் தொழிலாளர்களின் குவார்ட்டெட் ஒன்று நகரப் போட்டியில் வென்றது. ஆனால் தேசியப் போட்டியில் அவர்களுக்கு இடம் மறுத்துவிட்டார்கள். அதைக் கண்டித்து நியூயார்க்கின் முன்னாள் ஆளுநர் அல் ஸ்மித்தும் நகரப் பூங்கா ஆணையர் ராபர்ட் மோசஸும் சங்கத்திலிருந்து விலகினார்கள். நிறத் தடை நீங்க 1963 வரை ஆயிற்று. பெண்களை முழு உறுப்பினராக ஏற்றது 2018-இல்தான்.

இளைஞர்கள் விஷயத்தில் சங்கம் விழித்துக்கொண்டது வேறு காரணத்தால். வருடம் போகப் போக உறுப்பினர்களின் தலை நரைத்துக்கொண்டே போனது. 1992-இல் கல்லூரி வயது குவார்ட்டெட்டுகளுக்குத் தனிப் போட்டி தொடங்கினார்கள்; 25 வயதுக்கு மேல் கூடாது என்பது விதி. பலன் வந்தது. அதில் 2008-இல் வென்ற ஸ்வீடன் நாட்டுப் பையன்கள் நாலு பேர், ரிங்மாஸ்டர்ஸ் என்ற பெயரில், 2012-இல் பெரியவர்களுக்கான சர்வதேசப் போட்டியிலும் வென்றார்கள். வட அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து அந்தப் பட்டத்தை வென்ற முதல் குவார்ட்டெட் அவர்கள்தான். 2014-இல் நியூசிலாந்தின் மியூசிக்கல் ஐலண்ட் பாய்ஸ் வென்றார்கள். வெலிங்டன் அருகே ஒரு மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்து பாடத் தொடங்கியவர்கள் இவர்கள்.

கோரஸ் பக்கம் பெரிய பெயர் தெற்குக் கலிஃபோர்னியாவின் வெஸ்ட்மின்ஸ்டர் கோரஸ். நம் வயதுக்காரர்கள் சேர்ந்து பாட ஓர் இடம் வேண்டும் என்று சில இளைஞர்கள் 2002-இல் கூடி ஆரம்பித்தது. ஐந்தே வருடத்தில், 2007-இல், சர்வதேசத் தங்கப் பதக்கம். வென்ற கோரஸ் அடுத்த இரண்டு வருடம் போட்டியில் இறங்கக் கூடாது என்று அங்கே விதி. அந்த ஓய்வு முடிந்ததும் 2010-இல் மறுபடி வந்து வென்றார்கள்; பிறகு 2015, 2019. நடுவில் 2009-இல் வேல்ஸ் நாட்டின் லங்கொத்லன் சர்வதேச இசை விழாவுக்குப் போய், எல்லாவகைக் குழுக்களோடும் மோதி, உலகின் சிறந்த பாடகர் குழு என்ற பட்டத்தையும் எடுத்துவந்தார்கள். இந்தப் பட்டம்தான் முக்கியம் என்பேன். பார்பர்ஷாப் என்றால் தாத்தாக்கள் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிய இசைக்காரர்கள் முன்னால் பாடி வாங்கியது அது.

இப்போது நடைமுறைக்கு வருவோம். பள்ளியிலோ கல்லூரியிலோ ஒரு சின்ன கோரஸ் எப்படி உருவாகிறது?

முதல் வேலை குரல் பிரிப்பது. நாலு பகுதிக்கும் சம எண்ணிக்கை வைப்பது புதியவர்கள் செய்கிற தவறு. உச்சியில் இருக்கும் குரல் இயல்பாகவே காதைத் துளைக்கும். கீழே இருக்கும் குரலுக்கு ஆள்பலம் வேண்டும். இருபது பேர் கிடைத்தால் லீட் ஏழு, பேஸ் ஆறு, பாரிடோன் நாலு, டெனர் மூன்று என்ற மாதிரி வைத்துப் பார்க்கலாம். கீழே அகன்று மேலே குறுகும் கோபுர வடிவில் சத்தம் அமைய வேண்டும். மகரக்கட்டு உடையும் வயதுப் பையன்களை இதில் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. லீட் பகுதி அநேகமாக நடு வீச்சிலேயே போகும். குரல் இறங்க இறங்க அவனை லீடிலிருந்து பாரிடோனுக்கும் பேஸுக்கும் நகர்த்திக்கொண்டே போகலாம். பாடுவதை நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை.

அடுத்தது பாடம். நொட்டேஷன் படிக்கத் தெரியாத பிள்ளைகள்தான் அதிகம் வருவார்கள். அதற்கு இவர்கள் வைத்திருக்கும் வழி கற்றல் டிராக். ஒரு காதில் உங்கள் பகுதி மட்டும் கேட்கும், மறு காதில் மற்ற மூன்றும். முதலில் உங்கள் பக்கத்தை மட்டும் கேட்டு மனப்பாடம் செய்ய வேண்டும். பிறகு இரண்டையும் சேர்த்து. கடைசியில் உங்கள் பக்கத்தை அணைத்துவிட்டு மற்ற மூவரோடு நீங்களே பாட வேண்டும். பஸ்ஸில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு போகும்போதே பாரிடோன் பகுதி ஏறிவிடும். ஒன்று மட்டும் கவனம்: பதிப்புரிமை உள்ள பாட்டு என்றால் ஆளுக்கொரு பிரதி காசு கொடுத்து வாங்க வேண்டும். ஜெராக்ஸ் எடுத்துச் சமாளிப்பது அங்கே கௌரவக் குறைச்சல்.

ஒத்திகையில் என்ன நடக்கிறது என்று கிட்டப் போய்ப் பார்க்கலாம். எல்லோரும் ஒன்றாகப் பாடி முடித்ததும் இயக்குநர், லீடும் பேஸும் மட்டும் பாடச் சொல்வார். எலும்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார். பிறகு பேஸும் பாரிடோனும். பிறகு லீடும் டெனரும். ஒவ்வொரு ஜோடியும் சுத்தமாக நின்றால்தான் நாலையும் சேர்ப்பார். சில சமயம் சொல்லே இல்லாமல், உதட்டை மட்டும் பர்ர் என்று அதிரவிட்டுப் பாட்டு முழுவதையும் பாட வைப்பார். மூச்சு ஒழுங்காகப் போகிறதா என்று அதில் தெரிந்துவிடும். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். இருபது பேர் செய்தால் வாசலில் மோட்டார் பைக்குகள் நிற்பது போல இருக்கும்.

அதைவிட முக்கியம் உயிர் எழுத்து. சுருதி சரி, தாளம் சரி, ஆனாலும் ரிங் விழவில்லை என்றால் பத்துக்கு எட்டு முறை காரணம் இதுதான். ஆங்கிலத்தில் நைட் என்ற சொல்லை நாலு கணக்குக்கு இழுக்க வேண்டும் என்று வையுங்கள். அதில் இரண்டு உயிர்கள் ஒளிந்திருக்கின்றன. ஒருவர் நா என்றே நாலு கணக்கும் நிற்கிறார், இன்னொருவர் இரண்டாவது கணக்கிலேயே இ-க்குப் போய்விடுகிறார். இருவரும் ஒரே ஸ்வரத்தில்தான் இருக்கிறார்கள். ஆனால் வாயின் வடிவம் மாறியதும் எந்தத் துணை ஒலி தூக்கலாகக் கேட்கிறது என்பது மாறிவிடுகிறது. முன்னே பார்த்த 1000-மும் 1400-ம் ஒருவரிடம் ஓங்கியும் மற்றவரிடம் அடங்கியும் இருந்தால் பூட்டு விழாது. அதனால் எல்லோரும் நா என்றே நின்று, கடைசி நொடியில் மட்டும் இட் என்று சேர்ந்து மூடுவார்கள். இதற்காக ஒரே சொல்லை அரைமணி நேரம் பாடுவதெல்லாம் சாதாரணம்.

மூச்சு விஷயத்தில் கோரஸுக்கு ஒரு சலுகை உண்டு. குவார்ட்டெட்டில் ஒருவர் மூச்செடுத்தால் ஒரு குரலே காணாமல் போய்விடும். கோரஸில் பக்கத்து ஆள் பாடும்போது நீங்கள் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், அவர் எடுக்கும்போது நீங்கள் தாங்கலாம். கேட்பவருக்கு முடிவே இல்லாத ஒரே மூச்சு மாதிரி இருக்கும். புதிதாகச் சேர்ந்தவர்கள் பயமில்லாமல் பாட இதைவிட நல்ல இடம் கிடையாது.

போட்டிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: இரண்டு பாட்டு பாட வேண்டும்; இசை, நிகழ்த்தும் விதம், பாடும் தரம் என்று மூன்று தலைப்பில் நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். அவ்வளவுதான். சில இளைஞர் குழுக்கள் மதிப்பெண் கணக்கிலேயே மூழ்கிவிடுகின்றன. அதில் எனக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. இந்த இசை மேடையைவிட மாடிப்படி வளைவிலும் வராந்தாவிலும்தான் நன்றாக வாழ்கிறது.

அதற்குக் காரணம் டேக். ஒரு பாட்டின் கடைசி இரண்டு மூன்று வரியை மட்டும் டேக் என்பார்கள். நல்ல கார்டுகளெல்லாம் அங்கேதான் குவிந்திருக்கும். பல டேக்குகளில் ஒருவர் ஒரே ஸ்வரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க, மற்ற மூவர் அவரைச் சுற்றிக் கார்டை மாற்றிக்கொண்டே போவார்கள். முழுப் பாட்டும் கற்க வாரங்கள் ஆகும். ஒரு டேக்கைப் பத்து நிமிடத்தில் வாய்வழியாகவே சொல்லிக்கொடுத்துவிடலாம். முன்பின் தெரியாத நாலு பேர் மாநாட்டு ஹோட்டல் லிஃப்ட் வாசலில் சந்தித்து, பெயர் கேட்பதற்கு முன்பே, "நீ எந்தப் பகுதி?" என்று கேட்டு ஒரு டேக் பாடிவிட்டுப் போவார்கள். புதிய கோரஸ் தொடங்குகிறவர்கள் முழுப் பாட்டில் ஆரம்பிக்காமல் இரண்டு டேக்கில் ஆரம்பிப்பது நல்லது. முதல் நாளே ரிங் கேட்டுவிட்ட பிள்ளை இரண்டாவது நாள் நண்பனையும் கூட்டிக்கொண்டு வரும்.

முயன்று பார்க்க ஆசையா? மூன்று நண்பர்களைப் பிடித்துக்கொண்டு, ஓரளவு எதிரொலிக்கும் இடமாகப் பாருங்கள். கார் நிறுத்துமிடம், மாடிப்படி எதுவானாலும் சரி. கூட்டத்தில் மிகத் தாழ்ந்த குரல் உள்ளவர் ச பிடிக்கட்டும். அவர் உறுதியாக நின்ற பிறகு ஒருவர் ப சேரட்டும். இரண்டும் ஒன்றாகக் கரைந்த பிறகு மூன்றாமவர் க, சத்தம் குறைவாக. எல்லோரும் ஆ என்றே பாடுங்கள், வாயை ஒரே மாதிரி திறந்து, ஆட்டம் அசைவு இல்லாமல். கடைசியாக நாலாமவர் நி சேரட்டும். பழக்கமான இடத்தில் தொடங்கி, மயிரிழை மயிரிழையாகக் கீழே இறக்கிக்கொண்டே வரட்டும். முதல் தடவை ஒன்றும் நடக்காமல் போகலாம். ச பாடுகிறவர் தெரியாமலே இறங்கிவிட்டாரா என்று பார்த்துவிட்டு, ப-வையும் க-வையும் இடம் மாற்றிக்கொண்டு மறுபடி எடுங்கள்.